ஒரு நாளைக்கு ஒரு டாரோ சீட்டு: இரண்டு நோட்டு நிறைந்தபின்

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன தை மாதம் ஆரம்பித்தேன். தினமும் காலையில், வீடு எழுந்துகொள்வதற்கு முன்னால், ஒரு டாரோ சீட்டு எடுத்துப் பார்ப்பது. டாரோ என்பது பலர் ஆரூடம் பார்க்க வைத்துக்கொள்ளும் படச் சீட்டுக் கட்டு. இந்தத் தையோடு ஒரு வருடம் முடிந்தது. இரண்டு நீள நோட்டு நிறைந்திருக்கிறது. "நாளைக்கு என்ன நடக்கும்" என்ற கேள்வியை அதில் ஒரு நாள்கூட எழுதவில்லை. இப்படிப் படிக்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் முறை எளிது. 78 சீட்டையும் கலைத்து ஒன்றை எடுப்பேன். அர்த்தம் போட்ட புத்தகத்தைத் தொடமாட்டேன். பத்து நிமிடம் படத்தில் இருப்பதை மட்டும் எழுதுவேன். யார் இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன, தரையில் என்ன, தூரத்தில் என்ன. அப்புறம் அதில் எது என்னை உறுத்தியது என்று இரண்டு வரி. கடைசியில் எனக்கு நானே ஒரு கேள்வி. புத்தகம் ராத்திரிதான்.

ஒரு சீட்டை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஒரு படகு. முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண், அவளை ஒட்டி ஒரு குழந்தை, முன்னால் குத்தி நிற்கும் ஆறு வாள், பின்னால் நின்றுகொண்டு கழி ஊன்றும் படகோட்டி. படகுக்கு ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, மறுபக்கம் அசைவே இல்லை. வருடத்தில் ஐந்து தடவை இது எனக்கு வந்தது. முதல் மூன்று தடவையும் "அந்தப் பெண் நான்தான்" என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு பாரம் சுமக்கிறேன், அக்கரை எப்போது வரும், இந்த மாதிரி. நாலாவது தடவைதான் படகோட்டியைப் பார்த்தேன். படகில் இருக்கிற இரண்டு பேருமே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மூன்று வருடமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஊரில் இருக்கும் தம்பி. நான் வேறு ஊரில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறேன், கவலைப்படுகிறேன், கவலையை நோட்டில் எழுதுகிறேன். மூன்று பக்கம் எழுதியிருந்தேன், அவன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அன்றைக்கே போன் போட்டு "நீ எப்படிடா இருக்கே?" என்று கேட்டேன். அம்மாவைத்தான் விசாரிக்கிறேன் என்று நினைத்து அவன் கிரியாட்டினின் அளவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

டாரோவில் நான் படித்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கு அப்படி ஏதாவது ஒரு சீட்டு இருந்தால் எழுதுங்கள்.

*

கணக்குவாத்தியார் எழுதியது:

சகோதரி, தம்பி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் என் சந்தேகத்தைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை.

பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு குணக்குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு! கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்தில் எடுத்த வரிகள். "உங்களுக்குள் பயன்படுத்தாத திறமை இருக்கிறது" என்று யாரிடம் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார்கள். டாரோவும் அதே கதைதானே?

எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. கல்யாணம் தள்ளிப்போகிறது என்று என் அக்கா மகள் ஒருவரிடம் சீட்டுப் பார்க்கப் போனாள். இடிவிழுந்து கோபுரம் உடையும் அந்த டவர் சீட்டு வந்தது. "குடும்பத்துக்குப் பெரிய அடி இருக்கிறது, பரிகாரம் செய்யாவிட்டால் தாங்காது" என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஆறு மாதம் அந்தப் பெண் ராத்திரியில் மேகம் உறுமினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

*

செம்பருத்தி எழுதியது:

சார், உங்கள் அக்கா மகளுக்கு நடந்தது அநியாயம். ஒரு படத்தைக் காட்டிப் பயத்தை விற்பவர்களை நானும் ஒரு நாளும் ஏற்கமாட்டேன்.

ஃபோரர் விஷயம் சரிதான். எனக்கு அது இரண்டாம் மாதமே உறைத்துவிட்டது. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் "மாற்றத்துக்குத் தயாராக வேண்டும்", "உள்மனதைக் கேட்க வேண்டும்" என்றே பக்கம் பக்கமாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது எதிர்வீட்டு மாமிக்கும் பொருந்துமா என்று கேட்பேன். பொருந்தினால் அடித்துவிடுவேன். பல நாள் எல்லா வரியும் போய்விடும். ஒரு வரி மிஞ்சினால் அன்றைக்கு ஏதோ படித்திருக்கிறேன் என்று அர்த்தம். "படகோட்டியின் பெயரை நான் எழுதவே இல்லை" என்பது எதிர்வீட்டு மாமிக்குப் பொருந்தாது.

*

பழஞ்சீட்டு எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்குச் சீட்டுகளின் சரித்திரத்தில் பைத்தியம். அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் அனுபவம்.

பலர் நினைப்பதுபோல டாரோ பிறந்தது எகிப்தில் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில், விளையாடுவதற்காகப் பிறந்தது. 1440-களிலேயே ஃபுளோரன்ஸ், ஃபெராரா கணக்கேடுகளில் அந்தச் சீட்டுகள் பேசப்படுகின்றன. மிலான் பிரபுக்களான விஸ்கோன்டி, ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த ஒரு சீட்டுக் கட்டில் 74 சீட்டு இன்றும் இருக்கிறது. 35 சீட்டு நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், 26 பெர்காமோவின் காராரா அருங்காட்சியகத்தில், மீதி ஒரு தனியார் குடும்பத்திடம். காணாமல்போன நாலில் இரண்டு எவை தெரியுமா? சாத்தானும், வாத்தியார் சொன்ன டவரும்.

ஆக்ஸ்ஃபோர்டில் தர்க்கவியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் டம்மெட் இதைப் பல வருடம் தேடித் தேடி நிறுவினார்: 18-ஆம் நூற்றாண்டுவரை இது சீட்டாட்டம்தான். ஆரூடம் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்ற பாதிரியார், இது எகிப்தியப் பூசாரிகளின் ரகசியப் புத்தகம் என்று எழுதிவிட்டார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்க உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை வாசித்தது 1822-இல். அதாவது 41 வருடம் அந்தக் கதையைச் சரிபார்க்க வழியே இல்லை. அதற்குள் வேர் விட்டுவிட்டது.

சீட்டுகளே எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பாருங்கள். 12-ஆம் எண், தலைகீழாகத் தொங்கும் மனிதன். இன்றைக்கு அதற்குத் தியாகம், சரணாகதி, கோணத்தை மாற்றிப் பார்த்தல் என்றெல்லாம் அர்த்தம் சொல்கிறோம். பழைய இத்தாலியில் அவனுக்குத் துரோகி என்று பெயர். துரோகம் செய்தவனை ஒற்றைக் காலில் தொங்குவதுபோல் ஊர்ச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவார்கள், அந்தப் படம்தான் சீட்டில் ஏறியது. அவமானத்தின் படம் ஞானத்தின் படமாக ஆனதற்கு நடுவில் எத்தனை பேர் அதை உற்றுப் பார்த்திருப்பார்கள்! எனக்கு இந்தச் சரித்திரமே ஒரு பாடமாகத்தான் படுகிறது.

அப்புறம் பமீலா கோல்மன் ஸ்மித். செம்பருத்தி சொன்ன படகை வரைந்தவர் அவர்தான். 1878-இல் லண்டனில் பிறந்தார், சிறுவயதில் ஜமைக்காவில் வாழ்ந்தார், நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார். 1909-இல் ஆர்தர் வெயிட் என்ற மறைஞான எழுத்தாளர் கேட்டுக்கொண்டபடி சில மாதத்துக்குள் மொத்தக் கட்டையும் வரைந்து முடித்தார். பெரிய வேலை, காசு ரொம்பக் கம்மி என்று நியூயார்க்கில் இருந்த நண்பர் ஸ்டீக்லிட்ஸுக்கு அந்த நவம்பரில் கடிதம் எழுதினார். கட்டு உலகமெல்லாம் போனது, பதிப்பாளர் பெயரையும் வெயிட் பெயரையும் சேர்த்து. பமீலா 1951-இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். உங்களிடம் அந்தக் கட்டு இருந்தால் படத்தின் கீழ்மூலையைப் பாருங்கள். பாம்பு சுருண்டதுபோல ஒரு சின்னக் கையெழுத்து இருக்கும். அது அவருடையது.

*

மழைத்துளி எழுதியது:

நான் புதுசு. இரண்டு கேள்வி. முதல் சீட்டுக் கட்டை நாமே வாங்கக்கூடாது, யாராவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, நிஜமா? அப்புறம் டெத் சீட்டு வந்தால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே வாங்காமல் இருக்கிறேன்.

*

லாஷப்பல்_வாசி எழுதியது:

தங்கச்சி, பயப்படாமல் நீங்களே வாங்குங்கோ. நான் இருக்கிறது பாரிஸில். இங்கே டாரோ என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையிடத்தில் விளையாடுகிற விளையாட்டு. ஒரு பெட்டிச் சீட்டு புகையிலைக் கடையிலேயே கிடைக்கும். யாரும் பரிசாகத் தரும்வரை காத்திருக்கிறதில்லை.

அதே 78 சீட்டு. நாலு பேருக்கு ஆளுக்கு 18, நடுவில் ஆறு. அந்த ஆறுக்கு நாய் என்று பெயர். 21 துரும்பு, அதோடு ஒரு தனிச் சீட்டு. எங்கட பக்கம் 304 விளையாடி வளர்ந்தவைக்கு இது ஒரு கிழமையில் பிடிபட்டுவிடும். எனக்கு வந்த முதல் வருடம் பாஷை சரியாகத் தெரியாது, வேலையிடத்தில் யாரோடும் கதைக்கிறதில்லை. ஒரு நாள் நாலாவது கை இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். துரும்பு என்றால் எந்த நாட்டிலும் துரும்புதானே.

அந்தத் தனிச் சீட்டுத்தான் உங்கட கட்டில் மலை விளிம்பில் ஒரு பையன் நிற்கிற ஃபூல், அதாவது முட்டாள். இங்கே அதற்கு எக்ஸ்க்யூஸ் என்று பெயர். அதைப் போட்டால் மற்றவர்கள் போட்ட இனத்தை நீங்கள் போடத் தேவையில்லை. அது பிடியை வெல்லாது, ஆனால் போட்டவரிடமே திரும்பி வந்துவிடும். பத்து வருடமாக விளையாடுகிறேன். மலை விளிம்பில் நிற்கிற அந்தப் பையனைப் பற்றி எத்தனையோ விளக்கம் வாசித்தேன். கையில் வைத்து விளையாடினபோது விளங்கினது மாதிரி ஒன்றிலும் விளங்கவில்லை.

*

கணக்குவாத்தியார் எழுதியது:

பழஞ்சீட்டு நண்பருக்கு நன்றி, இவ்வளவு தெரியாது எனக்கு. ஆனால் இப்போது கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. இது விளையாட்டுச் சீட்டு, அர்த்தமெல்லாம் மனிதர்கள் பிற்பாடு ஏற்றியது என்றால், டாரோதான் வேண்டும் என்று என்ன? நாள்காட்டிப் படத்தை உற்றுப் பார்த்து எழுதினாலும் இதே பலன் வர வேண்டுமே?

*

செம்பருத்தி எழுதியது:

நல்ல கேள்வி சார். கொஞ்சம் வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது.

நாள்காட்டிப் படத்தை நான் தேர்ந்தெடுப்பேன். எனக்குப் பிடித்ததையே பிடித்துக்கொண்டிருப்பேன். கலைத்து எடுத்தால், பிடிக்காததும் வரும். எனக்கு ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ் பிடிக்கவே பிடிக்காது. ஒருத்தன் காசை மார்போடு கட்டிக்கொண்டு, காலுக்கு அடியில் இரண்டு காசை மிதித்துக்கொண்டு, தலையில் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊர் முழுக்க அவனுக்குப் பின்னால். நானாகப் போய் அந்தப் படத்தின் முன்னால் பத்து நிமிடம் உட்கார மாட்டேன். உட்கார வேண்டி வந்தபோதுதான், தம்பிக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் நான் ரசீதை எதற்காகப் பத்திரப்படுத்துகிறேன் என்று யோசித்தேன்.

இரண்டாவது, பமீலா நாடக மேடை தெரிந்தவர். அவர் படங்களில் ஆட்கள் ஏதோ ஒரு காரியத்தின் நடுவில் நிற்கிறார்கள். முன்னால் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று படம் சொல்வதில்லை. அந்த இடத்தில் நம் கதை தானாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் பாட்டி கோயிலில் பூ கட்டிப் பார்ப்பார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார். சித்தியின் படிப்பை நிறுத்துவதா என்று ஒரு தடவை பார்த்தார்கள். நிறுத்தலாம் என்று வந்தது. பாட்டி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாராம். தாத்தா அதைப் பார்த்துவிட்டு மறுநாளே போய்ப் பீஸ் கட்டிவிட்டு வந்தார். அம்மா இதை அடிக்கடி சொல்வாள்.

*

பழஞ்சீட்டு எழுதியது:

அந்த நாடக மேடை விஷயத்தோடு ஒன்று. 78-இல் 22 பெரிய சீட்டு போக மீதி 56 சின்னச் சீட்டு. பமீலாவுக்கு முன்னால் சின்னச் சீட்டுகள் பெரும்பாலும் நம் ரம்மி சீட்டு மாதிரிதான். ஆறு வாள் என்றால் வெறும் ஆறு வாள். விதிவிலக்கு, 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செதுக்கிய சோலா புஸ்கா கட்டு. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, பமீலா அப்போது லண்டனில்தான் இருந்தார். மூன்று வாள் இதயத்தைத் துளைக்கும் படத்தை இரண்டு கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சந்தேகமே வராது. வெறும் எண்ணாக இருந்த சின்னச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களைக் கொண்டுவந்ததுதான் இவருடைய பெரிய கொடை. அது இல்லாவிட்டால் செம்பருத்தியின் படகோட்டியே கிடையாது.

*

வெண்தாமரை எழுதியது:

நான் கொஞ்சம் வேறு பக்கம் நிற்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். வெறும் படம், வெறும் உளவியல் என்று சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை. வெயிட், பமீலா இருவருமே 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சபையில் இருந்தவர்கள். அவர்களுக்கு இது ஆன்ம சாதனை மார்க்கம். 22 பெரிய சீட்டுகளை ஹீப்ரூவின் 22 எழுத்தோடு சேர்த்துத் தியானிப்பது பிரெஞ்சு மறைஞானி எலிஃபாஸ் லெவி காட்டிய வழி. நானும் வாரத்துக்கு ஒன்றாக 22 வாரம் அப்படி உட்கார்ந்தேன். ஹை பிரீஸ்டஸ், அதாவது பெண் பூசாரி, சீட்டின் வாரத்தில் நான் பேசுவதே குறைந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சில சமயம் சீட்டு சொன்னது நடந்தும் இருக்கிறது. அதைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை. ஆனால் காசு வாங்கி யாருக்கும் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன்.

*

செம்பருத்தி எழுதியது:

வெண்தாமரை அக்கா, நீங்கள் சொல்வதைச் சிறிதாக நினைக்கவில்லை. நடப்பதைச் சொல்லும் என்பதில் மட்டும் நமக்குள் ஒத்துப்போகாது. ஒரு சீட்டோடு ஒரு வாரம் உட்காரும் பொறுமை என்னிடம் இல்லை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

*

நடுநிசி எழுதியது:

இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

விவாகரத்து நடந்துகொண்டிருந்த நேரம், நான் ஒரே கேள்விக்கு ராத்திரி பதினொரு தடவை சீட்டு எடுத்தேன். நல்ல சீட்டு வந்தால் நம்பிக்கை வராது, இன்னொன்று. கெட்ட சீட்டு வந்தால் பயம், இன்னொன்று. மூன்று மணிக்குக் கட்டிலில் சீட்டுகள் பரப்பிக் கிடக்கும், நடுவில் நான். அதில் தன்னை அறிவது ஒன்றும் இல்லை. அது பதற்றம். மனநல மருத்துவரிடம் போனேன், மாத்திரையும் பேச்சுமாக ஒரு வருடம் ஆனது. அந்த வருடம் சீட்டுக் கட்டை அக்கா வீட்டுப் பரணில் வைத்திருந்தேன்.

இப்போது மறுபடி எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, பகலில் மட்டும். ஒரே விஷயத்துக்கு இரண்டாவது சீட்டு எடுக்கக் கை போனால் அன்றைக்குப் பெட்டியை மூடிவிடுவேன். தூக்கம் போன நேரத்தில், வீட்டில் ஒருவர் இறந்த நேரத்தில், தயவுசெய்து தனியாக இதில் இறங்காதீர்கள்.

*

கணக்குவாத்தியார் எழுதியது:

நடுநிசி, எழுதியதற்கு நன்றி. நீங்கள் எழுதியது என் அக்கா மகளுக்கும் உதவும், அனுப்பியிருக்கிறேன்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். பமீலாவின் படங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை என்று தெரிந்ததும் 78-ஐயும் இறக்கி அச்செடுத்து அட்டையில் ஒட்டினேன். முதலில் கணக்குத்தான் போட்டேன்: மூன்று சீட்டை வரிசையாக வைக்க 4,56,456 வழி இருக்கிறது. அப்புறம் சரி, சகோதரி சொன்ன மாதிரி ஒன்றை எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தேன்.

எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ். ஒரு தொழிலாளி பலகையில் உட்கார்ந்து உளியால் காசு செதுக்குகிறான். முடித்ததைப் பக்கத்தில் கம்பத்தில் மாட்டியிருக்கிறான். ஊர் தூரத்தில் சின்னதாகத் தெரிகிறது. மூன்று வரி எழுதினேன். "உழைப்பே உயர்வு." எதிர்வீட்டுக்குப் பொருந்தும், அடித்தேன். "திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை வரும்." அதையும் அடித்தேன். மூன்றாவது: "இவன் தலை நிமிரவே இல்லை. போன பரீட்சைக்கு நான் 240 விடைத்தாள் திருத்தினேன், என் பையன் பரீட்சை எப்படி எழுதினான் என்று இன்னும் கேட்கவில்லை."

அதை அடிக்க முடியவில்லை. சீட்டில் ஏதோ சக்தி இருக்கிறது என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் நேற்று ராத்திரி பையனோடு பக்கத்தில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்த்தேன். பரீட்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது.

*

செம்பருத்தி எழுதியது:

சார், அந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சீட்டு வரும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

*

மழைத்துளி எழுதியது:

நானே போய் வாங்கிவிட்டேன், லாஷப்பல் அண்ணா! பிரித்துக் கலைத்து எடுத்த முதல் சீட்டே டெத். கை நடுங்கியது. கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் அக்கா சொன்ன மாதிரி, தெரிவதை மட்டும் எழுதினேன்.

கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரையில். கையில் கறுப்புக் கொடி, அதில் வெள்ளை ரோஜா. குதிரைக்கு அடியில் ஒரு ராஜா விழுந்து கிடக்கிறார், கிரீடம் தனியாக. மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெரியவர் கை கூப்புகிறார். ஒரு பெண் மண்டியிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஓர் ஆறு, ஆற்றில் ஒரு சின்னப் படகு. தூரத்தில் இரண்டு கோபுரம், நடுவில் சூரியன். உதிக்கிறதா மறைகிறதா தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை. அது குதிரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. பார்க்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.